நான் தட்டையாக்கிய மலை

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூரில் நான் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஆஸ்டின் டவுனில், வேலை ஒரு காலேஜில். எந்த வருஷம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு எங்கேயாவது திசைமாறிப் போனால் பேனாவால் மேஜையைத் தட்டுவாள்.

காலேஜில் எனக்குத் தினக்கூலி. பெஞ்சுக்குக் கால் மாற்றுவது, கரும்பலகைக்குச் சட்டம் போடுவது, மழையில் ஊதிப்போன கதவை இழைப்பது என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. லீவு விட்டால் கூலி கிடையாது. தசரா வந்தால் ஊரே கொண்டாடும், எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பைப் பார்த்துப் பார்த்து எரிப்போம். அந்தச் சமயத்தில் காலேஜில் நிரந்தரமாக இருந்த தச்சர் ரிடையர் ஆனார். பிரின்சிபாலிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எக்ஸிபிஷன் வருது. அதுல உன் கைவேலைய பாக்கறேன். நல்லா இருந்தா அந்த எடம் உனக்கு" என்றார்.

அந்த எக்ஸிபிஷனுக்காக என்னிடம் ஒரு பலகை வேலை வந்தது. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று காலேஜில் புதிதாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். அந்தப் பேரை என் வாயில் வரவழைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒல்லியான, சின்ன வயசு லெக்சரர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு காகிதத்தில் படம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நிற்கவைக்கிற மாதிரி ஒரு பலகை. உச்சியில் புனல். அதற்குக் கீழே பன்னிரண்டு வரிசை ஆணி. மேல் வரிசையில் இடைவெளி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசை ஆணி. அடியில் பதின்மூன்று அறை. முன்பக்கம் கண்ணாடி. புனலில் சைக்கிள் குண்டுகளைக் கொட்டினால் ஒவ்வொன்றும் ஆணியில் முட்டி முட்டி இறங்கி, ஏதாவது ஓர் அறையில் போய் விழ வேண்டும்.

"மேஸ்திரி, பலகை ஒரு நூல்கூட எந்தப் பக்கமும் சாயக் கூடாது. முட்டற குண்டு இடது பக்கமும் போகலாம், வலது பக்கமும் போகலாம். நாம எதுக்கும் ஒத்தாசை பண்ணக் கூடாது. ஸ்வல்ப ஜாக்கிரதையா செய்யுங்க" என்றார்.

"அந்தக் கவல உங்களுக்கு வாணாம் சார். ரசமட்டம் வெச்சிப் பாத்துக்குங்க" என்றேன்.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுதந்திரம் வந்ததும் கப்பலேறிப்போன ஒரு துரையின் பங்களாக் கதவு அது. பர்மாத் தேக்கு, இழைத்தால் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். ஏலத்தில் அதை எடுத்தவர்... மருமகள் மேஜையைத் தட்டுகிறாள். சரி.

வேலையை வீட்டில் வைத்துத்தான் செய்தேன். முடிந்த அன்று சாயங்காலம் வாசலில் பலகையை நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, குண்டுகளைக் கொட்டினேன். சடசடவென்று இறங்கின. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நடு அறைகளில் குண்டு குவிந்து கிடக்கிறது. பக்கத்து அறைகளில் அதைவிடக் கம்மி. ஓரத்து அறையில் எப்போதாவது ஒன்று, பெரும்பாலும் அதுவும் இல்லை. மொத்தத்தில் ஒரு குன்று மாதிரி இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. மேஜைமேல் குண்டை உருட்டிவிட்டால் அது எங்கே போய் நிற்கிறதோ அங்கே பள்ளம். குண்டு பொய் சொல்லாது. அந்தக் கணக்குப்படி என் பலகையின் நடுவில் பள்ளம் இருந்தாக வேண்டும். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலையில் பள்ளமா? மறுபடி கொட்டினேன். அதே குன்று. பலகையைப் பிரித்து இழைத்தேன், நூல் பிடித்து ஆணிகளைச் சரிபார்த்தேன், புனலைக்கூட மாற்றினேன். முப்பது தடவைக்குக் குறையாமல் கொட்டியிருப்பேன். முப்பது தடவையும் குன்றுதான்.

என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா, கோலி வெளாட்ற பையனாட்டம் நாலு நாளா குண்டு உருட்டிக்கினு கீற?"

"எல்லாம் நடுவுலயே வியுதுடி. எங்கியோ கோணல் கீது."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓரத்துக்குப் போவணும்னா அந்தக் குண்டு பன்னெண்டு ஆணிலயும் ஒரே பக்கமா திரும்பணும். எத்தினி குண்டு அப்டி அடம் புடிக்கும்? பாதி இப்டி பாதி அப்டி போனா நடுவுலதான வந்து நிக்கும்? கோணலும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய் சோறு துண்ணு."

நான் கேட்டேனா? "உளியப் புடிச்சவனுக்குத் தெரியாதது மொறத்தப் புடிச்சவளுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று எகிறினேன்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கூரை மாதிரி சரிவாக ஒரு சின்ன ஆப்பைச் செதுக்கி, புனலுக்கு நேர் கீழே வைத்து ஒரே ஒரு ஆணி அடித்தேன். குண்டுகள் இரண்டாகப் பிரிந்து இரண்டு குன்றாக விழுந்தன. அதற்குக் கீழே இன்னும் இரண்டு ஆப்பு. நாலு குன்று. அதற்கும் கீழே நாலு. மொத்தம் ஏழு. நூல் நூலாகத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் பதின்மூன்று அறையிலும் படியில் அளந்து தலை தட்டின அரிசி மாதிரி குண்டுகள் சமமாக நின்றன. ஆப்பு தெரியாமல் இருக்க பலகைக்கு அடித்த அதே வார்னிஷை அதற்கும் அடித்தேன். அன்றைக்கு ஒரு ராஜாவைப் போலத் தூங்கினேன்.

இந்தக் கூத்தில் பத்து நாள் போய்விட்டது. எக்ஸிபிஷன் அன்று காலையில்தான் பலகையைத் துணியால் மூடி, ஜட்காவில் ஏற்றிக் கொண்டுபோனேன். சோதித்துப் பார்க்க லெக்சரருக்கு நேரமே இல்லை. தட்டிப் பார்த்து, "சென்னாகிதே மேஸ்திரி, ரொம்ப அழகு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு ஹாலுக்குள் ஓடினார்.

ஹாலில் உட்கார இடமில்லை. முதல் வரிசையில் பிரின்சிபால். கடைசியில் கதவோரம் நான். லெக்சரர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். இடையிடையே கன்னடத்திலும் சொன்னதால் எனக்குப் பாதி புரிந்தது. ஒரு குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எழுநூறு குண்டும் சேர்ந்து என்ன உருவம் எடுக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம் என்றார். மனுஷர்களின் உயரமும், செருப்புக் கடையில் விற்கிற அளவுகளும்கூட ஏறக்குறைய இந்த உருவத்தில்தான் வரும், நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் ஆள் குறைவு என்றார். பிறகு சாக்பீஸை எடுத்து, குண்டு விழுவதற்கு முன்னாலேயே கண்ணாடிமேல் ஒரு கோடு போட்டார்.

இடது ஓரத்தில் தாழ்வாகத் தொடங்கி, மெல்ல ஏறி, நடுவில் உயர்ந்து, வலது ஓரத்தில் மெல்ல இறங்குகிற கோடு.

என் குன்று! முப்பது தடவை கோணல் என்று நான் திட்டின அதே குன்று. அவர் என்னிடம் கேட்டதே அதைத்தான். நான் அதை ஏழு ஆப்பு வைத்துக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறேன். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். கால் நகரவில்லை.

குண்டுகளைக் கொட்டிவிட்டார். சடசட என்று சத்தம். பதின்மூன்று அறையிலும் ஒரே மட்டம்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், மலை இன்னிக்கு லீவு!"

இன்னொருத்தன்: "பலகை பாஸ் சார், பாடம் ஃபெயில்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. லெக்சரர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. மறுபடி கொட்டினார். மறுபடியும் ஒரே மட்டம். அந்த மனுஷர் பலகையைப் பார்க்கவில்லை, தன் கோட்டையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். தான் படித்ததெல்லாம் பொய்யோ என்று நினைப்பவரைப் போல இருந்தார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு அடுத்தபடி வந்தது. பிரின்சிபால் எழுந்துபோய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். "பாடம் எப்படியோ போகட்டும். எல்லா அறையிலும் அளந்த மாதிரி போட்டிருக்கு பாரு! ஒள்ளே கெலசா!" என்று என் வேலையை மெச்சினார். சுற்றும் முற்றும் தேடி என்னைக் கண்டுபிடித்து, "நாளைக்கு ஆபீசுக்கு வா, கையெழுத்து போட்டுத் தரேன்" என்றார்.

ஆறு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆப்பு இருப்பது யாருக்கும் தெரியாது. பொய் சொல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன்: நான் பேசாமல்தான் நின்றேன். நாலைந்து மூச்சு விடுகிற நேரம். அது ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

லெக்சரர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடிமேல் போட்ட கோட்டைத் துடைக்கப் போனார்.

"அயிக்காதீங்க சார்!"

நான்தான் கத்தியிருக்கிறேன். அந்தக் குரல் என்னுடையது என்பதே கத்தின பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். "கோடு சரிதான் சார். நான்தான் கெடுத்துட்டேன். நடுவுல குமியுதேன்னு ஆப்பு வெச்சேன்."

இடுப்பில் குறடு இருந்தது. கண்ணாடியைச் சாக்பீஸ் கலையாமல் மேலே உருவி, ஏழு ஆப்பையும் பிடுங்கிப் போட்டேன். வியர்வை கண்ணில் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் திரும்பச் செருகி, குண்டுகளை நானே கொட்டினேன்.

குன்று எழுந்தது. சாக்பீஸ் கோட்டை ஒட்டியே எழுந்தது. இரண்டு அறையில் மட்டும் ஒரு விரற்கடை வித்தியாசம், மற்றபடி வரைந்த மாதிரி. வீட்டில் முப்பது தடவை பார்த்த அதே குன்றுதான். ஆனால் என் வாசலுக்கு ஒருநாளும் வராத மனுஷர், குண்டு விழுவதற்கு முன்னாலேயே அதைக் கோடாகப் போட்டுவைத்திருந்தார். அந்த எழுநூறு குண்டில் ஒன்றையும் யாரும் தள்ளவில்லை. ஒன்று போன வழி இன்னொன்றுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்து கோட்டில் போய் நின்றன. சிரித்த பையன்கள் இப்போது மேஜையைத் தட்டி, "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு லெக்சரர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தன தடவ கொட்டிப் பாத்தீங்க மேஸ்திரி?"

"முப்பது இருக்கும் சார்."

"முப்பது தடவையும் மலையா?"

"ஆமா சார்."

"முப்பது தடவ உண்மைய கண்ணால பாத்துட்டு, அதுக்கு ஆப்பு வெச்சீங்களா?" என்றவர் சிரித்துவிட்டார். பிறகு, "என் மேலயும் தப்பு இருக்கு. எல்லாம் சொன்னேன், கடைசியில என்ன வரும்னு சொல்லல" என்றார்.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. மறுநாள் ஆபீசில் போய் நின்றபோது, "நீ பேசாம இருந்திருந்தா இப்ப பர்மனெண்ட். கேக்காம காலேஜ் சாமான மாத்தறவன நான் எப்படி வெச்சுக்கறது?" என்றார். லெக்சரர் எனக்காகப் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "வேல போனா போவுது. மொறத்தப் புடிச்சவ பேச்ச இனிமேலாச்சும் கேளு" என்றாள். அப்புறம் ஒரு வருஷம் கழித்து ஒரு ஃபாக்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. அது தனிக் கதை.

வேலை போனதற்கு நான் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அழுததில்லை. என்னை இன்னும் உலுக்குவது வேறு: என் கண்ணெதிரே திரும்பத் திரும்ப நடந்ததை நான் நம்பவில்லை, என் மனசில் இருந்த சமத்தைத்தான் நம்பினேன். கோணல் இருந்தது பலகையிலா, என் நினைப்பிலா என்று அன்றைக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்று இந்த வயசிலும் மனசு பதறுகிறது.