வேலியோரம் நடந்தவர்

சாஆ ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. நீண்ட எல்லை வேலிக்குக் கேமரா பார்த்து வாங்கும் வேலையையும் மேனேஜர் என் தலையில் கட்டினார். கணக்கெழுதுகிறவனுக்குக் கேமராவைப் பற்றி என்ன தெரியும்?

விற்பனையாளர் சோதனைக்காக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து இருவருமாகப் பதிவைப் பார்த்தோம். காலைப் பனியில் யாரோ ஒருவர் வேலிக் கிழிசல் வழியாக நுழைந்து, மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழங்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டார். பிறகு இடது காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே போனார்.

“இந்த மாடல்ல ஆளு வந்தது மட்டும்தான் தெரியும் சார். மொகம் தெரியணும்னா வேற மாடல் எடுக்கணும் லா.”

“இதே போதும்.”

“அப்புறம் யாருன்னே தெரியாதே சார்?”

“பரவால்ல, இதையே போடுங்க,” என்றேன் கொஞ்சம் கடுப்பாகவே.

எனக்கு முகம் தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் பழம் வெட்டியவர் அவர். கனத்த பழக்குலை விழுந்து அந்தக் கால் நொறுங்கியபோது, தவறு அவருடையதுதான் என்று மேனேஜர் சொல்லச் சொல்ல அறிக்கை எழுதியவன் நான்.