என் கையில் துப்பாக்கி ஏறாமல் காத்த செல்லாண்டியம்மன்

கவின், யாழினி, அப்பா எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் உங்களிடம், "உங்கப்பன் காசுக்காக அடுத்த நாட்டுல போயி மனுசனைச் சுடப் போனவன்தான?" என்று கேட்டானாம். நீங்கள் அழுதுகொண்டு வந்தீர்கள். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். நம் அம்மனைக் கும்பிடுகிற மற்றவர்களும் படிக்கட்டும்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் இரண்டு வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டினேன். என்னோடு எடப்பாடி மாரியப்பன் ஹெல்ப்பராக இருந்தான். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். போன ஆவணியில் அந்த நாட்டுக்காரர்களே இரண்டு பிரிவாகி அடித்துக்கொண்டார்கள். கம்பெனியை மூடிவிட்டு, ஊருக்குப் போக டிக்கெட்டும் கொடுத்தார்கள். ஆமாம், டிக்கெட் கையில் இருந்தது. பிறகு ஏன் அதில் ஒரு பிரிவின் பட்டாளத்தில் சேர்ந்தோம்?

ஒரு ஏஜெண்ட் போன் பண்ணினான். நம் பக்கத்துப் பேச்சு. "ஏனுங்க சாமி, சாப்டீங்களா? டிரைவர் வேலைதானுங்க. உங்களாட்ட ஆளுங்களத்தானுங்க தேடறாங்க. ரெண்டு வருசம் ஓட்டுனா அந்த நாட்டுக் குடியுரிமைக் கார்டே குடுத்துருவாங்க சாமி" என்றான். தெய்வத்தையும் சாமி என்போம், பெற்ற பிள்ளையையும் சாமி என்போம். அந்த வார்த்தையைத் தூண்டிலில் மாட்டி வீசினான் பாவி. உங்கள் மாமா ஒரு கல்யாணப் பந்தியில் என்னை, "பொழைக்கத் தெரியாதவன்" என்று சொன்னது என் நெஞ்சில் இருந்தது. ஒரு நாட்டுக் கார்டோடு ஊருக்குள் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். படிக்கத் தெரியாத பாஷையில் இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இதுதான் என் காரணம். வெறும் வீம்பு.

மாரியப்பனுக்கு வேறு காரணம். முகாமில் பச்சைச் சட்டை கொடுத்தார்கள். லாரிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணா, ஒரு போட்டோ எடுங்ணா. ஊருக்கு அனுப்போணும். இனி எவன் என்னை டேய்ங்கறான்னு பாத்தரலாம்."

அவன் தெருவைத் தாண்டி வந்தால் அரைக்கால்சட்டைப் பையன்கூட அவனை "டேய் மாரி" என்றுதான் கூப்பிடுவான். முப்பது வயது ஆளை! எல்லாரிடமும் "ங்க" போட்டுப் பேசுகிற ஊர் என்று நமக்குப் பெருமை வேறு. யாருக்குப் போடுகிறோம், யாருக்குப் போடவில்லை? ரிக்கில் நானும் அவனை டேய் என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு என்ன கேடு?

மூன்று வாரம் லாரி ஓட்டினோம். ஒரு நாள் காலையில் வரிசையாக நிற்க வைத்து, "நாளைக்கு எல்லாருக்கும் துப்பாக்கி. சண்டை முனைக்குப் போக வேண்டும்" என்றார் அதிகாரி. மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மண்ணில் விழுந்தேன்.

"ஆத்தா, செல்லாண்டியம்மா, எவம்பெத்த புள்ளையவோ நான் ஏன் சுடோணும்? இந்தக் கையில துப்பாக்கிய வெச்சராத. எனக்குத் தெரிஞ்ச வேலையக் குடு."

வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன்.

பொழுது சாய்வதற்குள் முகாமின் ஒரே போர்வெல்லில் மோட்டார் அறுந்து உள்ளே விழுந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. யாருக்காவது தெரியுமா என்று அதிகாரி கத்தினார். விழுந்த மோட்டாரைக் கொக்கி போட்டு எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. என் கை தானாக மேலே போனது. அம்மன் தூக்கிவிட்டாள் என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

"எத்தனை ஆள் வேண்டும்?" என்றார். மாரியப்பனைக் காட்டினேன். அவன் நகரவில்லை.

"நீங்க குழி தோண்டுங்ணா. நான் பட்டாளத்துக்காரன்."

எனக்குப் பதற்றம். அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். "டேய் மாரி! சொன்னாக் கேளுடா!"

அவன் முகம் சுருங்கிவிட்டது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அவனுக்குத் தெரியுமே. லாரிப் பக்கம் நடந்தான். மறுநாள் போனவர்களில் அவன் திரும்பி வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

நான் மோட்டாரை எடுத்தேன். தண்ணீர் வந்தது. கிணற்றடியிலேயே என்னை வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கியை ஒரு முறைகூடத் தொடவில்லை. அடுத்த மாதம் முகாம் கலைந்தது. அகதிகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த லாரி என்னை எல்லை வரை ஏற்றி வந்தது. அங்கிருந்து நம் தூதரகத்தார் ஊருக்கு அனுப்பினார்கள். எல்லாம் அவள் கொடுத்தது. நான் நன்றி மறக்கமாட்டேன்.

ஆனால் கோயிலில் நான் பொங்கல் வைத்த அன்று நம் சொந்தக்காரர் ஒருவர், "நல்லவனை ஆத்தா காப்பாத்திப்போட்டா பாருங்க" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்படியானால் மாரியப்பன் கெட்டவரா? "அவரு கெட்டவருன்னு ஆத்தா உங்ககிட்ட வந்து சொன்னாளுங்களா?" என்று கேட்டேன். என் கையைக் காக்கச் சொல்லிக் கேட்டேன், காத்தாள். என் நாக்கைக் காக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குற்றம் கேட்டவன்மேல்தான்.

இப்போது சாக்கடை அள்ள வருபவரையும் "வாங்க, இருங்க" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கண்ணுகளா, இதைப் படிக்கிற பெரியவர்களே, கஷ்டம் வந்தால் அவளிடம் போய் விழுங்கள். கொடுப்பாள், நான் கண்டவன். கேட்கும்போது வாய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.

போன வாரம் மாரியப்பன் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் கத்தியது உட்பட. அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். திரும்பும்போது எடப்பாடி பஸ் ஸ்டாண்டு சுவரில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெளிநாட்டில் டிரைவர் வேலை, பாதுகாப்புப் பணி, குடியுரிமை நிச்சயம். குழாயில் துண்டை நனைத்து வந்து நோட்டீஸை ஊற வைத்தேன். பிறகு சாவியால் சுரண்டினேன். என் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. ஓரத்தில் இன்னும் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.