மானம் போனது, மூச்சு வந்தது

பிரியமானவர்களே, இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியில் பாதி பொய். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆண்டவருக்கு நான் சொல்லும் நன்றி முழுசாகும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் எஸ்தர். பருத்திப்பட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபையில் பாட்டு நடத்துவதும் நான்தான். ஆறு வருஷமாக மூக்கு அலர்ஜி. காலையில் கண்ணைத் திறந்தால் அடுக்கடுக்காகத் தும்மல். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். கடையில் துணியை உதறினால் மறுபடி ஆரம்பிக்கும். மழைக்காலம் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் விசில் சத்தம். டாக்டரம்மா லேசான ஆஸ்துமா என்றார். பல்லவி முடிவதற்குள் மூச்சு வாங்குகிறவளுக்கு அதில் என்ன லேசு? "பாடத்தானே என்னை வைத்தீர், பின்னே ஏன் ஆண்டவரே இப்படி?" என்று அழுதிருக்கிறேன்.

போன வருஷக் கடைசியில் டாக்டரம்மா இரண்டு பம்ப், அதாவது இன்ஹேலர், எழுதிக் கொடுத்தார். ஒன்று தினமும் இரண்டு வேளை இழுக்க. நீல நிறத்தில் இருந்த இன்னொன்று திடீரென்று மூச்சு முட்டினால் இழுக்க. மூக்குக்கு ஒரு ஸ்பிரே. நானும் உபவாசம் இருந்து ஜெபித்தேன். இரண்டே மாதத்தில் தும்மல் குறைந்தது, விசில் நின்றது! எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தாண்டு ஆராதனையில் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து "பரிபூரண சுகம்!" என்றேன். சபையே கைதட்டியது. மருந்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் சாட்சி சின்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி பம்பை எடுத்தால் விசுவாசக் குறைவு இல்லையா? எல்லா மருந்தையும் பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளினேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, போகி வந்தது. அன்று கோவில்பதாகையில் எங்கள் சபை ரூத் அக்காவின் புது வீட்டுப் பிரதிஷ்டை. காலையில் நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் போனோம். வழி நெடுக பாய், டயர், பழைய துணி என்று எரித்த புகையில் தெருவே தெரியவில்லை. போன இடத்தில் புது பெயிண்ட் வாசனை வேறு. இரண்டாவது சரணம் எடுத்தேன், நெஞ்சு இறுகிவிட்டது. மூச்சை உள்ளே இழுக்கவும் முடியவில்லை, வெளியே விடவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தேன். என் உடம்பு குலுங்குவதைப் பார்த்தவர்கள், "சிஸ்டர் மேல அபிஷேகம் இறங்குது!" என்று அல்லேலூயா போட்டார்கள். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், சுற்றிலும் கைத்தட்டல்!

வாய் திறக்க முடியவில்லை. உள்ளுக்குள் கதறினேன்: "ஆண்டவரே, என் மானம் போனாலும் போகட்டும், மூச்சு தாரும்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்காரர் வந்தார். சொந்தக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற மனிதர். பேண்ட் பாக்கெட்டிலிருந்து என் நீல பம்பை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இஸ்த்துக்கோ. அப்பால வெக்கப்படலாம்."

அத்தனை பேரும் பார்க்க இழுத்தேன். ரூத் அக்கா விடவில்லை. "இன்னா எஸ்தர், சுகமாயிடுச்சுன்னு சொன்னியே?" என்று கேட்டேவிட்டார். நான் தலையைக் குனிந்து இன்னொரு தடவை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தளர்ந்து மூச்சு வந்தது! நான் கேட்ட ஜெபத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார் என் தேவன்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போனோம். வழியில், "இது எப்படி உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"நீ பீரோல ஒளிச்ச அன்னிக்கே எடுத்து வெச்சிக்கினேன். ஒவ்வொரு கூட்டத்துலயும், இதுக்கு வேலை வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணிக்கினே கீறேன்" என்றார். என் விசுவாசம் பெரிது என்று பீற்றிக்கொண்ட நான் பைக்கின் பின்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். "மருந்து வேலை செஞ்சதாலதாம்மா நல்லா இருந்தீங்க. நீங்களா நிறுத்தலாமா?" என்றார். இழுத்துக் காட்டச் சொன்னார். பார்த்தால், பாதி மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! ஒரு குழாய் மாட்டி, நிதானமாக இழுத்து, மூச்சைப் பிடிக்கவும், தினசரி பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவும் சொல்லிக் கொடுத்தார். இப்போது ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. கடையில் மாஸ்க் போட்டுத்தான் துணியைத் தொடுகிறேன். நான்கு சரணமும் பாடுகிறேன், ஸ்தோத்திரம்!

அடுத்த ஞாயிறு மைக்கைக் கேட்டு வாங்கினேன். பம்பைத் தூக்கிக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "இதுவும் அவர் கொடுத்த சுகம்தான்" என்று முடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை விலக்கினார். உள்ளே ஒரு நீல பம்ப்.

"பதினோரு வருஷமா பாத்ரூம்ல போய் இழுக்கிறேன் எஸ்தர்" என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம், பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று சொன்ன இந்தச் சாட்சியை எழுதச் சொன்னதே அவர்தான்.

அதனால் பிரியமானவர்களே, முழங்கால் போட்டுக் கேளுங்கள், அவர் நிச்சயம் கொடுப்பார். எனக்குப் பம்பாகக் கொடுத்தார், வீட்டுக்காரராகக் கொடுத்தார், திட்டுகிற டாக்டராகவும் கொடுத்தார். உங்களுக்கு எதைக் கொடுத்திருக்கிறாரோ, அதை ஒளித்து வைக்காமல் எல்லாரும் பார்க்க எடுத்து இழுங்கள்.