வடிவு வீட்டுக்கு வந்த சக்கர் மீன்

சண்முகவடிவுக்குக் கோபமே வராது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அது சுத்தப் பொய். லேசில் வராது, வந்தால் போகாது.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் வடிவு. புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வந்து போவார். வடிவுக்குத் துணை மூன்று தங்கமீன்கள்தான். தனி வீடு கிடைத்தபோது வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவிலிருந்து முதலில் தூக்கிவந்தது அதுகளின் கண்ணாடித் தொட்டியைத்தான். மலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதுகளோடு பேச ஆரம்பித்துவிடுவாள். அதுகளும் மேலே வந்து வாயைத் திறக்கும். நமக்குத்தான் பொறாமையாக இருக்கும்.

வேறு மீனும் விடச் சொன்னால் கேட்கமாட்டாள். “தங்கமீனுக்கு நம்ம குளிரு நல்லா ஒத்துக்கும். மத்ததுக்கு ஒத்துக்காது. சின்ன மீன விட்டா இதுகளே முழுங்கிரும். எதுக்குங்க வம்பு?” என்பாள்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சர்மிளா ஒரு பையில் தண்ணீரோடு கறுப்பு மீன் ஒன்றைக் கொண்டுவந்தாள். சர்மிளா வடிவுக்குத் தங்கச்சி மாதிரி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். “சக்கர் மீன் அக்கா. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு அழுக்கையெல்லாம் இதுவே தின்னுரும்” என்றாள். வேறு யார் கொடுத்திருந்தாலும் வடிவு வாங்கியிருக்கமாட்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு தங்கமீனின் விலாவில் செதில் உதிர்ந்து புண் வந்தது. பிறகு செத்தது. அடுத்ததும் அப்படியே போனது. தண்ணீர் மாற்றியதில் பிழையோ, கையில் மருந்து வாசம் இருந்ததோ என்று வடிவு தன்னையே திட்டிக்கொண்டாள். மலையில் மருந்தடித்த நாளில் அவள் தொட்டியைத் தொட்டதுண்டு. சர்மிளா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, “பாத்து செஞ்சிருக்கணும்க்கா” என்று ஆறுதல் சொன்னாள். என்ன ஆறுதலோ!

‘அது வந்த பிறகுதானே இப்படி, அந்தக் கறுப்பனைத் தூக்கிப் போடு’ என்று நான் சொன்னேன். முடியாதாம். பால் காய்ச்சிய அன்று வீட்டுக்குள் வந்த உயிரை வெளியே அனுப்பினால் லட்சுமியும் கூடப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மூன்றாவதின் விலாவிலும் புண் தெரிந்ததும் போனில் படம் எடுத்துக்கொண்டு ஹட்டனில் மீன் விற்கும் ரிஸ்கானிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். படத்தைப் பார்த்ததுமே அவர் அதிலிருந்த சக்கர் மீனைக் காட்டினார்.

“இதோட வேலதான் அக்கா. பெருசானா தங்கமீன் மேல ஒட்டிக்கிட்டு தோல உறிஞ்சும். வால்ல வெட்டு இருக்கே, இது சர்மிளா வீட்டு மீனில்லையா? அவங்க மீனயெல்லாம் கொன்னுருச்சுன்னு திருப்பிக் குடுக்க வந்தாங்க. வைக்கத் தொட்டி இல்லன்னேன். தங்கமீன் இருக்கிற வீட்டுக்குக் குடுத்துராதீங்கன்னும் சொன்னேனே.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வடிவு நேரே சர்மிளா வீட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

“கொல்ல மனசு வரலக்கா. ஒங்க கை ராசியான கை. ஒங்ககிட்ட ஒழுங்கா இருக்கும்னு நெனச்சேன்” என்றாள் சர்மிளா.

“குடுத்தத விடு. மொத மீனு செத்தப்ப சொல்லியிருந்தா ரெண்டாவது பொழச்சிருக்கும். நாந்தான் கொன்னுட்டேன்னு அழுதேனே, அப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தியேடி!”

வடிவு எழுந்து வந்துவிட்டாள்.

மிஞ்சிய தங்கமீன் தேறிவிட்டது. சக்கர் மீனைத் தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினில் விட்டு, தினம் வெள்ளரிக்காய் நறுக்கிப் போடுகிறாள். இதற்கு ஏன் இந்த உபசாரம் என்று எரிச்சலோடு கேட்டேன்.

“அது பசிக்கு ஒட்டுச்சு. அது மேல எனக்கென்ன கோவம்?” என்றாள். “சர்மிளா வந்தா மட்டும், நான் வீட்டுல இல்லன்னு சொல்லிருங்க.”