அக்காவின் உச்சு

என் அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் முதல் வேலை கிடைத்தது. திறமைக்குக் கிடைத்தது என்று பொய் சொல்ல எனக்கு வராது. ஒரு கடைவாய்ப்பல்லால் கிடைத்தது.

அன்று காலையில்தான் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். மரத்துப்போவதற்குப் போட்ட ஊசியின் வேகம் இறங்குவதற்குள் நேர்முகத் தேர்வுக்கு நேரமாகிவிட்டது. பாதி முகம் அசையாமல், வாய்க்குள் பஞ்சோடு போய் உட்கார்ந்தாள். எதிரே உளவியல் பேராசிரியை. சூதாட்டத்தை மனிதர்கள் ஏன் விட முடியாமல் தவிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர். தன் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் உதவியாளர் வேண்டும். ஆனால் அந்த ஆள் எது நடந்தாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் நாய் செத்துப்போன கதையைச் சொன்னாராம். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டதாம். அக்காவின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"இந்த முகம்தாங்க எனக்கு வேணும். திங்கட்கிழமையே வந்துடுங்க" என்றார் பேராசிரியை.

கேள்விப்பட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள் யார் என்று தேடினால் என் அக்காவிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவள் உச்சுக்கொட்டுகிறவள். வேண்டுமென்று செய்வதில்லை, மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும். பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு ஒரு 'ச்சு'. மழை வரும் என்று சொல்லி ஏமாந்துபோன டிவி வானிலைக்காரருக்கு ஒரு 'ச்சு'. நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடிகளில் இருக்கிறோம். ஒருநாள் அக்கா வீட்டுத் தண்ணீர் தன் வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். இரண்டு உச்சுக் கேட்டதும் சோபாவில் உட்கார்ந்தாள். மாமியார் கதையெல்லாம் சொல்லி அழுது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். தண்ணீர் இன்னும் ஒழுகுகிறது.

இப்படிப்பட்டவள் ஏன் வேலைக்குப் போனாள்? எல்லாம் என் அத்தானால்தான். அத்தான் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை தினமும் சாயந்திரம் அலுவலகக் கதை சொல்லிக் காதைத் தின்பார். ஓய்வு பெற்ற பிறகு செல்போனில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். கலர் கலராகக் குமிழிகள் மேலிருந்து இறங்கும். ஒரே நிறத்தைச் சேர்த்து உடைக்க வேண்டும். பைசா செலவில்லை, அதனால் திட்டுவதற்கும் சரியான காரணம் கிடைக்கவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் படுக்கும்வரை டொப், டொப். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இந்த ஒரு ஆட்டம்." பேச்சு அடியோடு நின்றுபோனது.

"சுவரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்குடி" என்று அக்கா என்னிடம் அழுதாள். "அந்த மேடம் இதையேதானே படிக்கிறாங்க? கூடவே இருந்தா, இதுக்கு என்ன மருந்துன்னு தெரிஞ்சுக்கலாம்ல? எனக்கு இந்த மனுஷன் பழையபடி பேசினாப் போதும்."

சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் அவள் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தடித்த திரை போட்ட ஒரு சின்ன அறை. நடுவில் கைப்பிடி வைத்த சூதாட்ட எந்திரம். கைப்பிடியை இழுத்தால் பழப் படங்கள் ஒட்டிய மூன்று சக்கரங்கள் சுழலும். மூன்றும் ஒரே பழத்தில் நின்றால் மணி அடிக்கும், ஒரு பேனா கிடைக்கும். விருப்பப்பட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்கார வைப்பார்கள். முதலில் கொஞ்சம் ஜெயிக்க விடும். பிறகு எந்திரம் தன் வேலையைக் காட்டும். இரண்டு எலுமிச்சம்பழம் நின்றுவிடும், மூன்றாவது மெல்ல இறங்கி வந்து, ஒரு நூல் தள்ளி நின்றுகொள்ளும். 'கொஞ்சத்தில் போச்சே' என்கிற அந்த நினைப்புத்தான் ஆளை எழுந்துபோக விடாது என்பது பேராசிரியை படித்த படிப்பு. அந்த நினைப்பு ஓர் ஆளை எவ்வளவு நேரம் உட்கார வைக்கும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம்.

அக்கா காலை நேரத்துக்கு. வருகிறவர்களுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. கைவேலை ஏதாவது செய்துகொள்ளலாம் என்று பேராசிரியை அனுமதித்ததால், அத்தானின் சட்டைகளைக் கொண்டுபோய்ப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மதிய நேரத்துக்கு ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவர். அவர் சிரித்து அவர் மனைவியே பார்த்ததில்லை என்று பேச்சு.

கொஞ்ச நாளில் பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் வருகிறவர்கள் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள். காலையில் வருகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள். குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் வந்திருந்தார். நடுவில் அவருக்குப் போன் வந்தது. "வீடெல்லாம் தண்ணியா? ஒரு துணியை வெச்சு இறுக்கிக் கட்டுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கைப்பிடியை இழுத்தாராம்.

காலை நேரத்து மூளைக்கும் மத்தியான மூளைக்கும் ஏதோ பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று பேராசிரியை முடிவு கட்டினார். கருத்தரங்கில் பேசுவதற்குப் படங்கள்கூடத் தயார். அந்த நேரம் பார்த்துச் சிறைக் காவலர், மத்தியானம் கண் மருத்துவரிடம் போக வேண்டும், நான் காலையில் வருகிறேன் என்றார். நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து காலையில் வந்தவர்கள் சட்டென்று எழுந்துபோனார்கள். மத்தியானம் வந்தவர்கள் நாற்காலியில் வேர் விட்டார்கள்.

மூளை இப்படி ஷிப்ட் மாறாது என்று பேராசிரியைக்குத் தெரியாதா? சந்தேகம் அக்கா மேல் திரும்பியது. பக்கத்து அறையின் கண்ணாடி வழியாக ஒளிந்திருந்து பார்த்தார். அந்தக் கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. அக்கா தலையைக் குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கடைசியில் பொறுக்க முடியாமல், "இன்னைக்கு நானே விளையாடுறேன். நீங்க எப்பவும் போல இருங்க" என்று எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

எந்திரம் அவர் சொன்னபடி செய்தது. ஜெயிக்காது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இரண்டு எலுமிச்சம்பழம் நின்றன, மூன்றாவது நூல் தள்ளி நின்றது. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது: "ச்சு."

பேராசிரியை மறுபடி இழுத்தார். போயிற்று. "ச்சு." மறுபடி இழுத்தார். இந்தத் தடவை சத்தம் இல்லை, அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை அவசரமாக இன்னொரு தடவை இழுத்தார். துறைத் தலைவர் கூப்பிடுகிறார் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார். "இதோ, இந்த ஒரு தடவை" என்றார் பேராசிரியை. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கைப்பிடியை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"இப்ப நீங்க ஏதாவது சத்தம் போட்டீங்களா?"

"நானா? வாயே திறக்கலையே மேடம்."

"போட்டீங்க. ச்சுன்னு."

"ஐயோ மேடம், அது பேச்சு இல்லையே!"

பேராசிரியை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "ச்சு" என்றாள்.

அதுவரை சேர்த்த கணக்கெல்லாம் குப்பைக்குப் போயிற்று. அக்காவை வாசல் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் பேராசிரியை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் கோபம் தணிந்து வாசல் மேசைக்கே வந்து விளக்கினார்.

"ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டியிருந்தீங்கன்னா சலிச்சுப்போயிருக்கும். நீங்க ஒரு தடவை கொட்டுறீங்க, ரெண்டு தடவை விட்டுடுறீங்க. அடுத்தது எப்ப வரும்னு தெரியாமக் காத்துக்கிட்டு இருக்கிறதுதான் மனுஷனைக் கட்டிப்போடும். அங்க யாரும் எலுமிச்சம்பழத்துக்காக உட்காரல. தோத்தா நமக்காக வருத்தப்பட ஒரு ஆள் இருக்குன்னு உட்கார்ந்திருந்தாங்க."

அக்கா அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடியேறி என் வீட்டுக்கு வந்தாள்.

"அடியே, அது நான்தான்டி!"

"எது?"

"உங்க அத்தானுக்கு. சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடக்குறேன்ல? அவர் தோக்குறது கண்ணுல படுறப்பல்லாம்..." மேலே சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கும் பொறி தட்டியது. மருந்து தேடி வேலைக்குப் போனவள், நோயைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள்! இனி அத்தான் பக்கத்தில் உச்சுக்கொட்டவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் அன்று சாயந்திரமே காற்றில் போயிற்று. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், பல்லுக்கு நடுவில் நாக்கை வைத்துப் பார்த்தாள், முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தாள். ம்ஹூம். அத்தான் தோற்றால் இவளுக்கு வந்துவிடுகிறது. விட முடியாத பழக்கம் என்று பேராசிரியை ஊர் ஊராகத் தேடுகிறாரே, அது என் வீட்டுக்குக் கீழேதான் இருந்தது, அதுவும் அத்தானிடம் இல்லை.

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காரு, விழுங்காதே. நான் எதிர் நாற்காலியில் காவல் இருந்தேன்.

அத்தான் ஆடினார், தோற்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்த அக்கா அசையவில்லை. அத்தான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி ஆடினார். மறுபடி தோற்றார். இந்தத் தடவை தலையையே திருப்பிப் பார்த்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு குமிழியைக்கூடக் குறிபார்த்து அடிக்கவில்லை, சும்மா தோற்றார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"என்ன, என் மேல ஏதாவது கோவமா?"

அக்கா இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்க முடியாதே. அதனால் நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எந்திரம், எலுமிச்சம்பழம், குழாய் ரிப்பேர்காரர், எல்லாம். "அத்தான், நீங்க இந்த விளையாட்டுக்கு ஒண்ணும் அடிமை இல்ல. இவளோட உச்சுக்குத்தான்" என்று முடித்துவிட்டு, அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

அத்தான் சிரிக்கவில்லை.

"ரிட்டயர் ஆன அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னேன்" என்றார். "ஆபீஸ்ல என்னை வழியனுப்ப ஒருத்தர்கூட வாசல்வரைக்கும் வரலைன்னு. உங்க அக்கா இங்க யாரோடயோ உட்கார்ந்து, அவங்க கதை கேட்டு உச்சுக்கொட்டிக்கிட்டு இருந்தா. என்கிட்ட, சரி, கை கழுவிட்டு வாங்கன்னா. மறுநாள் போன்ல இந்தக் கேம் ஆடித் தோத்தேன். அந்தப் பக்கமாப் போனவ நின்னு, எனக்குன்னு ஒரு ச்சு போட்டா. அதோட உட்கார்ந்தவன்தான்."

தெருவுக்கே ஆறுதல் சொன்ன வீட்டில் இவர் ஒருவர் மட்டும் தோற்றுத் தோற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா வாயிலிருந்த தண்ணீரை மடக்கென்று விழுங்கினாள். இனி உச்சுத்தான் என்று நான் நினைத்தேன். அத்தானும் அதற்குத்தான் காத்திருந்தார் போல. அது வரவில்லை. அவர் பக்கம் திரும்பி, சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒருத்தர்கூடவா வரல?"

"வாட்ச்மேன் வந்தான். அடையாள அட்டையைத் திருப்பி வாங்குறதுக்கு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அக்கா என்னை முறைத்தாள். "நீ மேல போடி" என்றாள். பிறகு அவரிடம், "முதல்லேருந்து சொல்லுங்க. அன்னைக்குக் காலையில இங்கேருந்து கிளம்பினதுலேருந்து" என்றாள்.

அத்தான் சொல்ல ஆரம்பித்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரும்போது, அவர் இன்னும் ஆபீசுக்குப் போய்ச் சேரக்கூட இல்லை.