மென்மையான சொற்களை நம்பாதவர்

தெம்பனிஸிலிருந்து வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது சாந்தி அக்காவின் கணவர் முருகேசன் அண்ணன் அழைத்தார். “சாந்தி இறந்துட்டாம்மா,” என்றார். வேறு வார்த்தை எதையும் அவர் தேடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைபாதையில் நின்று அழுதேன்.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராகச் சாந்தி அக்காவோடு பணியாற்றிய உங்கள் எல்லோருக்கும், ஆங்கிலச் சொற்களின் வேர் தேடும் அவரது பித்து தெரியும். “நம்ம சுருட்டுதான் இங்கிலீஷ்ல ‘செரூட்’ ஆச்சு, சரி. அதுக்காக எல்லாமே நம்மளோடதுன்னு சொல்லிக்காதீங்க லா,” என்று தேநீர் வேளையில் நம்மைக் கேலி செய்வார்.

அந்தப் பித்து வெறும் பொழுதுபோக்கில்லை என்று எனக்குப் புரிந்தது ஒரு நண்பகலில். கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர் தீவிர சிகிச்சையில் இருந்தார். அவருடைய தம்பி வெளியே காத்திருந்தார். மருத்துவர் வந்து தணிந்த குரலில், “ஹீ ஹேஸ் பாஸ்ட்,” என்றார். தம்பியின் முகம் மலர்ந்தது. “பாஸாயிட்டாரா? பொழச்சுட்டாரா?”

சாந்தி அக்கா அவரை உட்கார வைத்து, தோளைப் பற்றிக்கொண்டு, “இல்ல தம்பி. அண்ணன் இறந்துட்டாருப்பா,” என்றார். அவர் அழுது ஓயும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: “‘பாஸ்’னா கடந்து போறது. பரீட்சைக்கும் அதே சொல், சாவுக்கும் அதே சொல். மென்மையான சொல் சொல்றவங்களுக்குத்தான் சுலபம்.”

சென்ற மாதம் அக்காவே நோயாளியாகப் படுக்கையில் இருந்தார். “வீ வில் கீப் யூ கம்ஃபர்டபிள்,” என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார். தேக்காவில் தையல்கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சௌகரியமா இருப்பாங்கிறாரு. அப்போ தேறிடுவாதானே?”

அக்கா என்னைப் பார்த்தார். “நான் சொன்னா இவர் நம்பமாட்டாரு. நீ சொல்லு.”

“அண்ணே, இனிமே குணப்படுத்த மருந்து இல்லையாம். வலி தெரியாம பாத்துக்குவாங்களாம்.”

அவர் மெத்தையில் முகம் புதைத்தார். அக்கா அவர் தலையைத் தடவிக்கொண்டே, “சரியாச் சொன்ன,” என்றார். பிறகு, “‘கம்ஃபர்ட்’டுக்குப் பழைய பொருள் பலம் கொடுக்கறது. அதை இவருக்குக் கொடு. எனக்கு வேணாம்,” என்றார்.

நேற்று தேக்காவுக்குப் போனேன். அண்ணன் கடையைத் திறந்திருந்தார். ஆனால் இயந்திரத்தில் துணி இல்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, சாயங்காலம்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘கம்ஃபர்ட்’ என்ற அந்த ஒரு சொல்லின் பழைய பொருள்தான்.