அட்டையின் பின்பக்கம்

மேவிஸ் கிராப்ட்ரீ முப்பத்தொரு வருடம் ஹாலிஃபாக்ஸ் நகரப் பேருந்துகளில் டிக்கெட் செக்கராக இருந்தவள். பாதிரியார் உட்கார்ந்திருந்தாலும் சரி, சொந்த மாமியார் உட்கார்ந்திருந்தாலும் சரி, "டிக்கெட்?" என்று கை நீளும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை மடங்கவில்லை. பால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பாள். டாக்டர் புது மாத்திரை எழுதினால், "இதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?" என்று கேட்டு அவரைத் திருதிருவென விழிக்க வைப்பாள்.

வில்ஃபை அவள் பிடித்ததே இப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மாடிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் கேட்டதும் எல்லோரும் செய்வதுபோல் பையைத் தட்டவில்லை, கதை விடவில்லை. "இல்லம்மா, வாங்கல" என்றான். அபராதச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்தாள். மறு வருடம் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அவள் சந்தேகத்துக்கு முழுசாகத் தப்பிய ஆள் ஒருவன்தான் உண்டு. பாய்லர் பார்க்கிற நெவில். ஒன்பது வருடமாக வருகிறவன். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுவான். இஞ்சி கேக்கை ஒரு துண்டு தின்று, இன்னொரு துண்டு கேட்டு வாங்குவான். தேநீர் மூன்று கோப்பை. வேலைக்கு வருகிறவன் யோக்கியனா இல்லையா என்பதைத் தேநீர் காட்டிக்கொடுத்துவிடும் என்பது மேவிஸின் சித்தாந்தம். வேண்டாம் என்கிறவன் சீக்கிரம் ஓடப் பார்க்கிறான். உட்கார்ந்து குடிக்கிறவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை. இந்த அளவுகோலில் நெவில் தங்கக்கம்பி.

நவம்பரில், வீட்டைச் சூடாக்கும் அடுப்படிப் பாய்லர் அடிக்கடி தானாக அணைந்து தொல்லை கொடுத்தது. நெவில் வந்தான், பத்து நிமிடம் குனிந்து ஏதோ செய்தான், எழுந்தான். "இனிமே அணையவே அணையாது கண்ணு" என்றான். சொன்னபடியே அது அணையவில்லை. வீடு பூராவும் கதகதவென்று இருந்தது.

டிசம்பரில் வில்ஃப் தலைவலி என்று முனக ஆரம்பித்தான். எந்நேரமும் தூக்கம். பேசிக்கொண்டே இருக்கையில் பாதி வாக்கியத்தில் சொல்லை மறந்து நிற்பான். கணவனே என்றாலும் மேவிஸ் விடுவாளா? "பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் தலை வலிச்சுருமே உனக்கு! நடிக்காத வில்ஃப்" என்றாள். இருந்தாலும் மனசு கேட்காமல், அவன் நாற்காலியை இழுத்துப் போய்ப் பாய்லர் பக்கத்திலேயே போட்டாள், சூடாக இருக்கட்டும் என்று.

ஜனவரி கடைசியில் அந்த நாற்காலியிலிருந்தே சரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள். ஆனால் ஒரே வாரத்தில் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாளின் குறுக்கெழுத்தைப் போட்டான். நர்ஸுகளைக் கிண்டல் அடித்தான். 'வீட்டில் இருந்தால் முனகல், இங்கே வந்தால் மாப்பிள்ளைக் கோலமா?' என்று மேவிஸுக்கு அதிலும் ஒரு சந்தேகம்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை பாய்லர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அன்றைக்கே வார்டிலிருந்து போன்.

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்காரர அனுப்புறோம். வீடு நல்லா சூடா இருக்கணும். இல்லேன்னா கொஞ்ச நாள் முதியோர் இல்லத்துல வெச்சுப் பாத்துக்கலாம்."

'கொஞ்ச நாள்' என்ற சொல் மேவிஸுக்குத் தெரிந்த சொல்தான். பக்கத்துத் தெரு எட்னா அப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று போனாள். சவப்பெட்டியில்தான் வெளியே வந்தாள்.

நெவிலைக் கூப்பிட்டால் அவன் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான், வியாழன்தான் வருவானாம். செவ்வாயன்று விளம்பரத்தைப் பார்த்து ஒருவனைக் கூப்பிட்டாள். அவன் பாய்லரைப் பார்த்தான், பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தான். இந்த ஊர் மெக்கானிக்குகள் பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் இழுப்பார்கள். இழுவை நீண்டால் செலவும் நீளும். "யாரு மாட்டுனது இத? இதுக்குப் பார்ட்ஸே கெடையாது. இன்னைக்கே கையெழுத்துப் போட்டீங்கன்னா..." என்று காகிதத்தை எடுத்தான். அடுத்த மூச்சை அவன் வாசலுக்கு வெளியேதான் இழுக்க வேண்டியிருந்தது.

கசாப்புக்கடைக்காரர் ஒரு பெயர் சொன்னார். "லோர்னான்னு ஒருத்தி. ஹீட்டிங் இன்ஜினியர். சிரிக்க மாட்டா, ஆனா வேலை சுத்தம்." பேருந்தில் முதல் பெண் செக்கராக ஏறியபோது ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தது மேவிஸுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். 'பொம்பளைக்குப் பாய்லரைப் பத்தி என்ன தெரியும்?' என்று முகத்தைச் சுளித்தாள்.

புதன் காலை சொன்ன நேரத்துக்கு லோர்னா வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். சொன்ன நேரத்துக்கு வந்ததே சந்தேகம். கேட்பதற்கு முன்பே அவள் அடையாள அட்டையை நீட்டியது இன்னும் பெரிய சந்தேகம். பேருந்தில் கேட்கும் முன்பே டிக்கெட்டை ஆட்டுகிறவனிடம் நேற்றைய டிக்கெட்தான் இருக்கும்.

"முன்பக்கம் என் மூஞ்சிதான். திருப்பிப் பாருங்க. என்னென்ன வேலை நான் தொடலாம், எந்தத் தேதி வரைக்கும்னு பின்பக்கம் போட்டிருக்கும்" என்றாள் லோர்னா.

இப்படி ஒரு பின்பக்கம் இருப்பதே மேவிஸுக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் எரிச்சல் கூடியது. "டீ போடறேன்" என்று அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"அடுப்பப் பத்த வெக்காதீங்க. எனக்கு டீ வேணாம்."

'வந்துட்டா ஓடப் பாக்கறவ' என்று மேவிஸ் மனசுக்குள் முடித்துவிட்டாள்.

லோர்னா ஜன்னலைத் திறந்துவைத்தாள், எரிவாயுவை மூடினாள், பாய்லரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. புகை விடும் ஒரு சின்ன வில்லையைப் பற்றவைத்துப் புகைபோக்கிக் குழாயின் அடியில் வைத்தாள். மேலே போக வேண்டிய வெள்ளைப் புகை அப்படியே திரும்பி அடுப்படிக்குள் வந்தது. குழாயில் கையை விட்டுத் துழாவி ஒரு பிடி காய்ந்த குச்சிகளை எடுத்து மேஜையில் போட்டாள்.

"காக்கா கூடு. குழா அடைச்சுருக்கு. புகை வீட்டுக்குள்ள திரும்புனா பாய்லர அணைக்கறதுக்குன்னு ஒரு சாதனம் உண்டு. இதோ பாருங்க, அத எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டிருக்காங்க. யாரு செஞ்சது?"

"தெரியாது" என்றாள் மேவிஸ். நெவிலைக் காட்டிக்கொடுக்க அவளென்ன பைத்தியமா?

"பாய்லர் விடற விஷப் புகை கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளையே கொன்னுரும். வீட்டுல யாருக்காச்சும் தலைவலி, மயக்கம்னு ஏதாவது?"

பயமுறுத்தி வாங்க வைக்கிற தந்திரம் இது என்று மேவிஸ் நினைத்தாள். அவளுக்கே தினமும் காலையில் மண்டை இடித்துக்கொண்டுதான் இருந்தது, பாய்லர் நின்ற பிறகுதான் குறைந்திருந்தது. "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றாள்.

லோர்னா பாய்லரின் மேல் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டினாள். 'ஆபத்து. பயன்படுத்தாதீர்கள்.' பாய்லருக்குப் போகிற எரிவாயுக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு அடுப்புக்கு வழிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமா? என் வீட்டுக்காரர் வராரு" என்று மேவிஸ் கேட்டாள்.

"ஆகாது. பாய்லரே வேறதான் போடணும், ரெண்டு வாரம் ஆகும். என்னை நம்ப வேணாம், இன்னும் ரெண்டு பேரக் கூப்ட்டுக் கேளுங்க." வண்டியிலிருந்து இரண்டு மின்சார ஹீட்டர்களைக் கொண்டுவந்து வைத்தாள். "அதுவரைக்கும் முன்னறை ஒண்ணையாவது சூடா வெச்சுக்கலாம்."

தன்னை நம்ப வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை மேவிஸ் ஆயுசில் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய கைகாரியாக இருப்பாள் என்று வியந்தாள். முன்னறை மட்டும் சூடாக இருந்தால் வார்டில் ஒத்துக்கொள்வார்களா? எட்னாவின் முகம் கண் முன்னே வந்து போனது.

வியாழன் மத்தியானம் நெவில் வந்தான். முகமெல்லாம் ஸ்பெயின் வெயில். சிவப்புச் சீட்டைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.

"உன் தலையில நல்லா மொளகா அரைச்சுருக்கா கண்ணு! டீயப் போடு. பத்தே நிமிஷம், வீடு அடுப்பாட்டம் ஆயிரும்."

மேவிஸுக்கு உயிர் வந்தது. கெட்டிலை வைத்தாள், கேக்கை வெட்டினாள். நெவில் மண்டியிட்டுச் சீட்டின் கயிற்றில் கை வைத்தான். நாளைக்கு லோர்னா போன் செய்தால் அவள் வாயை அடைக்க வேண்டுமே என்றுதான் மேவிஸ் கேட்டாள்.

"நெவில், உன் கார்டக் கொஞ்சம் காட்டேன். பின்பக்கம்."

நெவிலின் கை சட்டைப் பையைத் தட்டியது. பிறகு பேன்ட்டின் வலது பை, இடது பை, பின் பை. மறுபடியும் சட்டைப் பை. பிறகு ஒரு சிரிப்பு.

மேவிஸின் கையில் கத்தி அப்படியே நின்றது. முப்பத்தொரு வருடம் பார்த்த கச்சேரி இது. டிக்கெட்டைத் தொலைத்தவன் ஒரே பையை மூன்று முறை குடைவான், முகம் வெளிறும். டிக்கெட்டே வாங்காதவன்தான் வரிசையாக எல்லாப் பையையும் தட்டிவிட்டுச் சிரிப்பான்.

"வண்டில இருக்கும் கண்ணு."

"போய் எடுத்துட்டு வா."

"ஒம்போது வருஷமா வர்றேன். என்னைப் போயா?"

"தெனமும் இதே பஸ்லதான் வர்றேன்னு சொல்வாங்க, அதே பாட்டு. நவம்பர்ல பத்து நிமிஷத்துல என்ன பண்ணின நெவில்?"

"அந்தச் சனியன் பாய்லர அணைச்சுக்கிட்டே இருந்துச்சு, கழட்டிட்டேன். நீதான வில்ஃபுக்குக் குளுருதுன்ன?"

நவம்பரில் கழற்றினான். டிசம்பரில் தலைவலி. பாய்லருக்கு ஒரு முழம் தள்ளி வில்ஃபின் நாற்காலி. ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவன் தேறினான். பாய்லர் நின்றதும் அவள் தலைவலி குறைந்தது. மேவிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். ஊரில் ஒருத்தரையும் நம்பாதவள், நம்பக்கூடாத ஒருவனுக்கு மட்டும் கேக் வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"எறங்கு" என்றாள்.

"என்னது?"

"என் வீட்ட விட்டு எறங்குடா!"

அவன் போன கையோடு லோர்னாவுக்குப் போன் போட்டாள். "நேத்து நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பொய் சொல்லிட்டேன்." வில்ஃபின் தலைவலியையும் தன்னுடையதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"இப்பவே வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. உங்களையும் அவங்க பாக்கணும். காலைல நானே அங்க வந்து ஹீட்டர் விஷயத்த எடுத்துச் சொல்றேன்" என்றாள் லோர்னா. மேவிஸ் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வில்ஃப் வந்தான். முன்னறையில் கட்டிலும் இரண்டு ஹீட்டர்களும் இருந்தன. அவன் சுற்றிப் பார்த்தான்.

"என் நாற்காலி எங்க?"

"வெளிய எறிஞ்சுட்டேன்." பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் தயாராக நாக்கில்தான் இருந்தது. "நான்தான் உன்ன அது பக்கத்துல உக்கார வெச்சேன் வில்ஃப். உனக்கு நெசமாவே வலிச்சுருக்கு. நடிப்புன்னு சொன்னேனே, பாவி நான்." மேவிஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வில்ஃப் அவள் கையைப் பிடித்து விலக்கினான்.

"அடப் போடி. பாத்திரம் கழுவறப்ப வந்த வலி பூரா நடிப்புதான்" என்றான்.

அதை அவள் நம்பவில்லை.